நாலு மணிக்கு வரும் பிள்ளைகள்

கோலாலம்பூர் செந்தூல் பக்கம், பதினேழு மாடி அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் ரூக்குன் தெத்தாங்கா, அதாவது அக்கம்பக்கத்தார் சங்கத்தின் அறை ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு முறை கூட்டம் நடக்கும். மற்ற நாளில் பிளாஸ்டிக் நாற்காலிகளும் பழைய கேரம் பலகையும் தூசி தின்னும். 2018-ல் அந்த அறையின் சாவியைக் கேட்டு வாங்கினேன். அன்று முதல் திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று நாளும் மாலை நாலு முதல் ஆறு வரை பிள்ளைகளுக்கு வகுப்பு. புதன்கிழமை பாதிப் பேருக்குப் பள்ளியில் புறப்பாட நடவடிக்கை, வெள்ளிக்கிழமை கோயில். அதனால் அந்த இரண்டு நாளையும் தொடவில்லை.

என் தொழில் கணக்கு எழுதுவது. நாலைந்து சின்னக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறேன். ஆசிரியர் பயிற்சி எதுவும் பெற்றதில்லை. பிள்ளைகள் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது "டீச்சர்" என்றால் இன்றும் திரும்பி எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன்.

ஆரம்பிக்கும்போது பெரிய மணிலா அட்டை வாங்கி, பன்னிரண்டு வாரத்துக்கு நாலு நிறப் பேனாவில் பாடத்திட்டம் போட்டேன். முதல் வாரம் நாலாம் ஆண்டுப் பின்னம், இரண்டாம் வாரம் தசமம் என்று வரிசையாக. ரொம்ப அழகாக இருந்தது. முதல் நாள் பத்தொன்பது பிள்ளைகள் வந்தார்கள். ஏழு வயதிலிருந்து பதினாலு வயது வரை. ஒருத்தி இடுப்பில் தம்பியோடு வந்தாள். நாலு இருபதுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், ஒருவன் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டான், பின்னத்தைப் பற்றி நான் சொன்னது சுவருக்குத்தான் கேட்டிருக்கும்.

தூங்கியவனை எழுப்பி விசாரித்தேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, இருட்டிலேயே வேன் ஏறி, ஒரு மணி வரை பள்ளி. வீட்டுக்கு வந்தால் அம்மா அலுவலகத்தில் துப்புரவு வேலை, அப்பா பாதுகாவலர், பன்னிரண்டு மணி நேர வேலை. காலையில் ஆக்கி வைத்த சோறு ஆறிப் போயிருக்கும், அதனால் மெகி மீ போட்டுச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வரை கீழே ஓட்டம். அதற்கப்புறம் நான் பின்னம் எடுக்கிறேன்.

பள்ளி ஆசிரியருக்குக் கிடைப்பது காலை ஏழரை மணிப் பிள்ளை. நமக்குக் கிடைப்பது நாலு மணிப் பிள்ளை. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. மணிலா அட்டையின் பின்பக்கத்தில் அப்புறம் பாம்பும் ஏணியும் வரைந்தோம்.

இப்போது முதல் இருபது நிமிடம் தீனி மட்டும். கிரீம் கிராக்கர், மைலோ, வாழைப்பழம். திங்கட்கிழமை ஒன்பதாவது மாடிப் பாட்டி அவித்துக் கொடுக்கும் கடலை. ஒரு பிள்ளைக்கு ஒரு வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடங்கும். அந்த நேரத்தில் பாடத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது, தொண்டூழியர்கள் உள்பட. "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன படிச்சே?" என்ற கேள்விக்கும் தடை. அதற்கு உலகத்திலுள்ள எல்லாப் பிள்ளையும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லும். வேறு ஏதாவது பேசலாம். லிஃப்ட் எத்தனை நாளாகக் கெட்டுக் கிடக்கிறது, யார் வீட்டுப் பூனை குட்டி போட்டது, இந்த மாதிரி. பார்க்க வருகிறவர்களுக்கு இந்த இருபது நிமிடம் வீணாகத் தெரியும். ஒரு நன்கொடையாளர் அதை வெட்டச் சொல்லி எனக்கு அறிவுரையும் சொன்னார். நான் தலையாட்டினேன், வெட்டவில்லை.

தீனி முடிந்ததும் வெள்ளைப் பலகையில் மூன்று கேள்வி இருக்கும். ஒன்று போன வகுப்பில் படித்தது, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. புத்தகத்தைத் திறக்கக்கூடாது, தாளில் பதில் எழுதிப் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட வேண்டும். மதிப்பெண் கிடையாது. எட்டு நிமிடம்தான். எங்கள் வகுப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். இதற்கு ஆய்வும் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்டது. ஒரு கூட்டம் மாணவர்கள் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு கூட்டம் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நம் ஊரில் படிப்பது என்றால் வாய்விட்டுப் பத்து முறை வாசிப்பது. பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும், அப்போதுதான் அம்மாவுக்குத் திருப்தி. அந்தப் பழக்கத்தை உடைக்க இந்த மூன்று கேள்வி போதும்.

போன மாதத்துக் கேள்விக்கு முதலில் யாருக்கும் பதில் வராது. அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். மறந்ததைத் தேடி எடுப்பதில்தான் அது பதிகிறது. ஆறேழு வாரத்தில் பிள்ளைகளே "அத்தை, போன மாசக் கேள்விய நாங்க போடுறோம்" என்று வந்தார்கள். மற்றவனை மாட்டிவிடும் ஆசைதான், வேறென்ன.

அடுத்தது, யாரை யாரோடு உட்கார வைப்பது. முதல் வருடம் பள்ளி போலவே ஆண்டு வாரியாகப் பிரித்தேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் ஆண்டு மலாய்ப் பாடம். பிறகுதான் இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு செய்வதைப் படித்தேன். அவர்கள் வயதையும் வகுப்பையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். எழுத்து, சொல், சின்னப் பத்தி, ஒரு பக்கக் கதை. எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பிப்பது. நான் அதே மாதிரி மலாயில் நாலு அட்டை, தமிழில் நாலு அட்டை தயாரித்தேன். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். அறைக்கு வெளியே, படிக்கட்டில், மற்றவர் காதில் விழாத இடத்தில்.

நாலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை இருபத்து மூன்று பேரைப் பார்த்தேன். தமிழில் மூன்று பேர்தான் பத்தியில் தடுமாறினார்கள். மலாயில் ஒன்பது பேருக்குப் பத்தி ஓடவில்லை. அந்த ஒன்பதில் ஐந்து பேர் அழகாக உச்சரித்தார்கள், ஆனால் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியவில்லை. இவர்களைத்தான் நான் ஒரு வருடமாகக் கட்டுரை எழுத வைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்த பிள்ளை, ஏழாவது வருடம் மலாயில் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். மலாய் போதாதவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்காருவார்கள். முன்பு ஆறாம் ஆண்டு முடிவில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. 2021-ல் அதை எடுத்துவிட்டார்கள், அடுத்த வருடம் மூன்றாம் படிவத் தேர்வையும் எடுத்தார்கள். இப்போது வகுப்பறை மதிப்பீடு. ஒன்று முதல் ஆறு வரை தேர்ச்சி நிலை போட்டு அறிக்கை வரும். தேர்வை எடுத்தது நல்லதுதான் என்பது என் கருத்து. ஆனால் பெற்றோர் பலருக்கு அந்த மூன்றும் நாலும் எதையும் சொல்வதில்லை. "பரீட்சையே இல்லையே, அப்புறம் எதுக்கு கிளாஸ்?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, மலாய் அட்டையை அவர்கள் கையில் கொடுத்து, வாசிக்கச் சொல்லச் சொல்வேன். அப்புறம் வகுப்பு எதற்கு என்ற கேள்வி வராது.

பிரித்த பிறகு ஆறாம் ஆண்டுப் பையன் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையோடு உட்கார வேண்டி வந்தது. அவமானம் வரும் என்று பயந்தேன், வரத்தான் செய்தது. ஒருவன் இரண்டு வாரம் வரவில்லை. குழுக்களுக்கு நிலை ஒன்று, நிலை இரண்டு என்று பெயர் வைத்தது என் முட்டாள்தனம். பிறகு டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் என்று மாற்றி, ஆறு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி வாசிக்க வைத்து ஆட்களை மாற்றினேன். மலாய்க்கு ஒரு குழு, கணக்குக்கு வேறு குழு. மலாயில் பின்தங்கியவன் கணக்கில் மேல் குழுவில் இருப்பான். இதற்கப்புறம் யார் மேலே, யார் கீழே என்ற பேச்சு தானாக அடங்கியது.

கணக்கில் எனக்குப் பாடம் எடுத்தவன் ஒரு பத்து வயதுப் பையன். அவன் அம்மா பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வடையும் முறுக்கும் விற்கிறார்; இவன் சில்லறை கொடுப்பான். ஒரு நாள் தாளில் பத்து வெள்ளியில் மூன்று வெள்ளி எழுபது காசைக் கழிக்கச் சொல்லியிருந்தேன். ஏழு வெள்ளி எழுபது என்று எழுதியிருந்தான்.

"அம்மா கடையில ஒருத்தர் மூணு எழுபதுக்கு வாங்கிட்டுப் பத்து வெள்ளி நீட்டினா எவ்வளவு மிச்சம் கொடுப்பே?"

"ஆறு முப்பது, அத்தை." கண்கூட இமைக்கவில்லை.

"அப்போ இது?"

தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இது கணக்கு, அத்தை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. பிரேசிலில் ரெசீஃபே நகரத்தில் தெருவில் விற்கும் பிள்ளைகளை வைத்து 1985-ல் வெளியான ஆய்வு ஒன்று இதையேதான் சொல்கிறது. விற்கும் இடத்தில் கேட்டபோது 98 விழுக்காடு சரியான பதில். அதே எண்களை வெறும் கூட்டல் கழித்தலாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடு. கதைக் கணக்காகக் கொடுத்தபோது 74. மூன்றும் அதே பிள்ளைகள்.

சரி, நீ எப்படி ஆறு முப்பது கொண்டு வந்தாய் என்று கேட்டேன். மூன்று எழுபதோடு முப்பது காசு போட்டால் நாலு, நாலிலிருந்து பத்துக்கு ஆறு. அதாவது அவன் கழிக்கவே இல்லை, ஏறிக்கொண்டே போகிறான். பலகையில் ஒரு கோடு போட்டு, அவன் சொன்னதை அப்படியே இரண்டு தாவலாக வரைந்தேன். "நீ செய்யுறதுதான் கணக்கு. இதுக்கு இப்படி எழுதணும், அவ்வளவுதான்." அன்று மாலை முழுவதும் அவனே மற்றவர்களுக்குத் தாவல் போட்டுக் காட்டினான்.

பள்ளியில் போடும் செங்குத்துக் கழித்தலையும் விட முடியாது. அதற்கு நிற அட்டையில் நூறு, பத்து, ஒன்று என்று விளையாட்டுப் பணம் வெட்டினோம். 402-ல் 178 போக. கையில் நாலு நூறு, இரண்டு ஒன்று. பத்து வெள்ளித் தாளே இல்லை. எட்டு ஒன்று வேண்டும், என்ன செய்வாய்? "பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கு" என்றுதான் எல்லாரும் சொல்லித் தருவார்கள். பக்கத்தில் பூச்சியம் இருந்தால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும், ஒன்றும் இல்லாதவனிடம் எப்படிக் கடன் வாங்குவது? நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, சில்லறை மாற்று என்கிறேன். நூறைப் பத்துப் பத்தாக மாற்று; அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றாக மாற்று. இப்போது மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. கையில் தாளாக இருப்பதைக் கண்ணால் பார்த்தபின் 224 எழுத ஒருவனும் தடுமாறவில்லை. தாளோடு இரண்டு வகுப்பு, தாளைப் படமாக வரைந்து இரண்டு வகுப்பு, அதற்கப்புறம்தான் எண்ணை மட்டும் எழுதுவது. அவசரப்பட்டு மூன்றாவதற்குத் தாவினால் எல்லாம் கலைந்துவிடும். எனக்கு இரண்டு முறை கலைந்தது.

மலாயிலும் இப்படி ஒரு வாசல் கிடைத்தது. பிள்ளைகள் அகராதியில் மெனூலிஸ் (எழுதுவது) என்ற சொல்லைத் தேடுவார்கள், 'மெ'யில் கிடைக்காது, மூடி வைத்துவிடுவார்கள். அது தூலிஸ் என்பதன் கீழ் இருக்கும். முன்னால் 'மெ' என்ற ஒட்டு சேரும்போது த விழுந்து அந்த இடத்தில் ன வந்துவிட்டது. பூக்குல் மெமூக்குல் ஆகும், காராங் மெஙாராங் ஆகும், சாப்பு மெஞாப்பு ஆகும். க, ப, ச, த (மலாய் எழுத்தில் k, p, s, t) நாலும் விழும். பாச்சா (baca) போல b முதலான மற்ற எழுத்தில் தொடங்குவது விழாமல் மெம்பாச்சா என்று நிற்கும். பள்ளியில் இதை விதியாகச் சொல்கிறார்கள், பிள்ளைகளும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், ஆனால் அகராதியைத் திறக்கும்போது ஞாபகம் வருவதில்லை.

ஒரு நாள் யோசிக்காமல் கேட்டேன்: "மரமும் கிளையும் சேர்ந்தா?"

"மரக்கிளை."

"ம் எங்கே போச்சு?"

"விழுந்திருச்சு!"

"மரத்தோட 'கள்' சேர்ந்தா?"

"மரங்கள். ம் போயி ங் வந்துருச்சு."

"யாராவது உனக்கு விதி சொன்னாங்களா, வாய் தானா செஞ்சுதா?" தானாகச் செய்தது. அதேதான் மலாய்க்காரர் வாயும் செய்கிறது என்றேன். அப்புறம் ஒட்டோடு கூடிய சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டு, "விழுந்த எழுத்தைக் கண்டுபிடி" என்று விளையாட்டாக்கினோம். ஜோடி ஜோடியாக, ஒருவர் கையில் அகராதி. மெங்காஜி போல விழாமல் நிற்கும் சொற்களும் உண்டு. அவற்றை முதல் மாதத்தில் பெட்டியில் போடாதீர்கள், பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு மலாய் கற்பிக்கத் தமிழை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தப் பெட்டியைக் காட்ட வேண்டும்.

வீட்டுப்பாடம் ஒரு புதைகுழி. விட்டால் இரண்டு மணி நேரத்தையும் தின்றுவிடும். தொண்டூழியர் பக்கத்தில் உட்கார்ந்து விடையைச் சொல்லிக்கொண்டே போவார், பிள்ளை எழுதிக்கொண்டே போகும், இரண்டு பேருக்கும் திருப்தி. நாங்கள் கடைசி இருபத்தைந்து நிமிடத்தை மட்டும் அதற்கு ஒதுக்கி, அலாரம் வைக்கிறோம். தொண்டூழியர் கையில் பென்சில் இருக்கக்கூடாது. கேள்வியைப் பிள்ளை தமிழில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் உதவி.

பதின்மூன்று வயதைத் தாண்டியவர்கள்தான் எனக்குப் பெரிய தலைவலி. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் வருகைப் பதிவில் பெயர் காணாமல் போகும். ஆள் எங்கும் போவதில்லை, அறைக்கு வெளியே படிக்கட்டில் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பான். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மைலோ குடிப்பது கௌரவக் குறைச்சல். அவர்களை மாணவர்களாகக் கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்து, கடைசியில் வேலைக்குக் கூப்பிட்டேன். "தம்பி, இந்த மூணு பேருக்கு வாசிக்கக் கேக்க ஆள் இல்ல. பதினைந்து நிமிஷம் கேளு, போதும்."

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் இதற்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். வாத்தியாருக்குப் பதிலாக மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1790-களில் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியைக் கவனித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதோடு பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொல்லும் முறையைத் தன் விடுதியில் நடத்தி, 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர் நிலைத்தது. படிக்கட்டுப் பையன்களிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர்களுக்குப் பிடித்தது பெல்லை அல்ல, சட்டாம்பிள்ளை என்ற பட்டத்தை.

ஐந்து பேர் சேர்ந்தார்கள். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை ஒருவன், திரும்பத் திரும்பத் தப்பாக வாசித்த எட்டு வயதுப் பிள்ளையின் உள்ளங்கையில் அடிக்குச்சியால் ஒரு போடு போட்டுவிட்டான். அந்தக் காலத்துச் சட்டாம்பிள்ளையும் பிரம்பு வைத்திருந்தவன்தான். பட்டத்தைக் கொடுத்த நான் அதை யோசித்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன். பையனை விரட்டவில்லை. "உனக்கு வாசிக்கச் சொல்லித் தந்தவங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அதன்பின் சட்டாம்பிள்ளைகளுக்கு மாதம் ஒரு மணி நேரம் தனிப் பயிற்சி. பிள்ளை தப்பாக வாசித்தால் மூன்று விநாடி பொறு. தானே திருத்தவில்லை என்றால் நீ சரியாக வாசி, அவன் திருப்பிச் சொல்லட்டும், அடுத்த வரிக்குப் போ. திட்டு கிடையாது, கை கிடையாது. ஒரு சட்டாம்பிள்ளைக்கு இரண்டு பேருக்கு மேல் கொடுப்பதில்லை. சிறுவனுக்குக் கதை வாசித்துக் காட்ட வேண்டுமே என்பதற்காக, ஒருவன் முதல் நாளே அதை வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்கே மலாய் தகராறு. டியூஷனில் நான் சொல்லியிருந்தால் செய்திருக்கமாட்டான்.

தொண்டூழியர்களைப் பற்றி நிறையப் புலம்பலாம், கொஞ்சம் சொல்கிறேன். கல்லூரி மாணவர்கள் ஆசையாக வருவார்கள், அவர்களுக்கே தேர்வு வந்ததும் மறைந்துவிடுவார்கள். ஒரு நிறுவனம் ஒரு சனிக்கிழமை முப்பது பேரை ஒரே நிறச் சட்டையில் கொண்டுவந்து இறக்கி, படம் எடுத்து, பை கொடுத்து, போய்விட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் அந்த அக்கா எங்கே, இந்த அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். இப்போது குறைந்தது பத்து வாரம், வாரம் ஒரே நாள் வருவேன் என்பவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாடத்திட்டத்தை யார் கையில் கொடுத்தாலும் நடத்தும்படி ஒரு பக்கத்துக்குள் எழுதுகிறேன்: மூன்று கேள்வி என்ன, எந்தக் குழு எந்த அட்டை, எந்தப் பெட்டி, பிள்ளை எதில் தடுக்கும், தடுத்தால் என்ன சொல்வது. கடைசி வரிதான் முக்கியம், அதை எழுதத்தான் நேரம் பிடிக்கும். என்னால் முடியாத நாளில் சட்டாம்பிள்ளை ஒருவனே அந்தத் தாளை வைத்து நடத்தியிருக்கிறான்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் கறார். எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தே இருக்க வேண்டும். பிள்ளையோடு தனிப் புலனத் (வாட்ஸ்அப்) தொடர்பு கிடையாது, பெற்றோர் குழுவில்தான் பேச்சு. யார் வந்து அழைத்துப் போகிறார்கள் என்று கையெழுத்து. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-ல் வந்தது. குற்றவாளிகளின் பதிவேட்டில் ஒருவர் பெயர் இருக்கிறதா என்று சமூக நலத்துறை வழியாகச் சரிபார்க்கலாம். "எங்களையே சந்தேகப்படுறீங்களா" என்று ஒருவர் முகம் சுளித்தார். ஆமாம் என்றேன். அவர் திரும்ப வரவில்லை.

அப்புறம் மழை. இந்த ஊரில் ஏப்ரல், மே, மறுபடி அக்டோபர், நவம்பர் என்றால் நாலு மணிக்கு இடி நிச்சயம். லிஃப்டும் நின்றுவிட்டால் பதினாலாம் மாடிப் பிள்ளை எப்படி வரும்? அன்று ஏழு பேர் இருப்பார்கள், குழு பிரிக்க முடியாது, திட்டம் கவிழும். முன்பெல்லாம் எரிச்சலோடு பாதியில் விட்டுவிடுவேன். இப்போது அலமாரியில் மழைப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பல்லாங்குழி, சோழி, துண்டுச் சீட்டுப் பெட்டி, உரக்கப் படிக்கச் சில கதைகள். பல்லாங்குழியில் அடுத்த குழியில் எத்தனை விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆட வேண்டும் என்பது எங்கள் விதி. மனக்கணக்கு அதில்தான் வேகமாக வளர்ந்தது. வராத பிள்ளை எதையும் இழக்கக்கூடாது என்பதால் மழை நாளில் புதுப்பாடம் எடுப்பதில்லை.

2020 மார்ச் 18-ல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எந்தப் பெட்டியும் உதவவில்லை. மூன்று பிள்ளைக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். மூன்று கேள்வியை மட்டும் தினமும் குரல் பதிவாகப் பெற்றோர் குழுவில் போட்டேன். பாதிப் பேர் இரவு பத்து மணிக்குக் குரலிலேயே பதில் அனுப்பினார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முதல் நாள் இடுப்பில் தம்பியோடு வந்தாளே, அவளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். "தம்பிய விட்டுட்டு வாம்மா" என்று நான் அன்று சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள், ஐந்து மாதம் வரவில்லை. விடுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. லிஃப்டில் பார்த்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. அப்புறம் அறை மூலையில் ஒரு பாய் விரித்து, பழைய அட்டைகளும் உடையாத பாத்திரங்களும் போட்டோம். தம்பி தங்கையைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அறிவித்ததும் ஆறு பெண்பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பாயில் வளர்ந்த தம்பி மூன்றாம் ஆண்டு. போன திங்கட்கிழமை பலகைக்கு முன்னால் நின்று, "அத்தை, போன மாசக் கேள்வி ரொம்ப ஈசி, மாத்துங்க" என்றான். மாற்றினேன். பதில் வரவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.